கொம்பியூட்டருக்கு நாடா வெட்டுகிறோம், கதிரையை யார் பார்ப்பது?



பாடசாலைக்குப் புதிய கொம்பியூட்டர் வந்தால் பெனர் கட்டுகிறோம், நாடா வெட்டுகிறோம், முகநூலில் படம் போடுகிறோம். அதன் முன்னால் பிள்ளை எதில் உட்காருகிறது என்று கேட்பவர் யார்? சாய்மானம் உடைந்த பிளாஸ்டிக் கதிரை, நெஞ்சு உயர மேசை, தரையைத் தொடாத கால். பாடவேளை முழுக்க இப்படித்தான்.

"இதெல்லாம் கொழும்பு ஒபிஸ்காரருக்கு, நம்ம பிள்ளைகளுக்கு என்னத்துக்கு?" என்கிறார்கள் சிலர். நாம் இதை ஏற்கவில்லை. ஒபிஸ்காரருக்கு வலி வந்தால் லீவு இருக்கிறது, மாதச் சம்பளமும் வரும். வீட்டில் லெப்டொப் வைத்து டைப்பிங், டிசைன் வேலை செய்து குடும்பம் பார்க்கும் எங்கள் சகோதரிக்குக் கை விறைத்தால் அன்றைய வருமானமே இல்லை. வசதி குறைந்தவருக்குத்தான் இது கூடுதலாகத் தேவை.

வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முள்ளந்தண்டு அதைத் தாங்கும். குனியக் குனிய கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

செலவு என்கிறீர்களா? கணக்குப் பார்ப்போம்.

▪️ திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர, பழைய பாஸ்பேப்பர் புத்தகங்களை அடுக்குங்கள். தூரம் ஒரு கை நீளம்.
▪️ லெப்டொப்பை உயர்த்தினால் தனிக் கீபோர்ட்டும் மவுஸும் வேண்டும். காசு கேட்பது இது ஒன்றுதான்.
▪️ இடுப்பு வளைவுக்குச் சுருட்டிய துவாய். தொங்கும் காலுக்குப் பலகைப் பெட்டி.
▪️ முழங்கை மேசை மட்டத்தில், மணிக்கட்டு மடியாமல் நேராக.
▪️ யன்னல் திரைக்குப் பக்கவாட்டில்.
▪️ 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தை 20 விநாடி பாருங்கள். இடைக்கிடை எழுந்து நடவுங்கள். விலை கூடிய கதிரையிலும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் முதுகு பிடிக்கத்தான் செய்யும்.

விரல் விறைப்பு நாட்கணக்கில் தொடர்ந்தால் தைலம் பூசிப் பொறுத்திருக்க வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தினரே, அபிவிருத்திச் சங்கத்தினரே! அடுத்த நன்கொடையில் ஒரு கொம்பியூட்டரைக் குறையுங்கள். அந்தக் காசில் கதிரைகளைத் திருத்துங்கள், கால்பலகை அடியுங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லையா? ஒரு லீவு நாள் சிரமதானம் வைத்தால் நிறைய வேலை முடியும்.

நன்கொடையாளர் பெயரைக் கதிரையில் பொறிக்க வேண்டுமென்றால் தாராளமாகப் பொறியுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும்.