கொடுத்தவர் பெருமையும் கொண்டவர் திறமும்

ஓரினத்தின் பண்பாடு பிறவினங்களின்மேல் படர்ந்த வரலாற்றைக் கூற வருவோர், முதற்கண் கிரேக்கத்தையே சுட்டுவர். அது பொருத்தமே. மெய்யியல், மருத்துவம், வடிவக்கணக்கு, நாடகம், சிற்பம் எனக் கிரேக்கர் வளர்த்த அறிவும் கலையும், அவர்தம் அரசுகள் அழிந்த பின்னும் அழியாமல் நாடு கடந்து பரவின. ஆயின், கொடுத்தவர் பெருமையைப் பேசுவோர் பலர். கொண்டவர் அதனை எவ்வாறு கொண்டனர், கொண்டபின் அவர்தம் மொழி என்னவாயிற்று என வினவுவோர் சிலரே. பிறர் அறிவு வீடு தேடி வரும்போது விழித்திருப்பதா, தன்னை மறப்பதா என்பதற்கு விடை அவ்வினாவில்தான் இருக்கின்றது.

கிரேக்கரும் ஒரு காலத்தில் பிறரிடம் கொண்டவரே. அவர்தம் நெடுங்கணக்கு பினீசிய வணிகரிடமிருந்து பெற்றது. அந்த எழுத்துகளைப் 'பினீசிய எழுத்துகள்' என்றே கிரேக்கர் வெளிப்படையாகக் குறித்தனர். ஆனால், பெற்றதைப் பெற்றவாறே அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பினீசிய எழுத்தில் மெய்கள் மட்டுமே இருந்தன. தம் மொழியில் இல்லாத ஒலிகளுக்குரிய எழுத்துகளைக் கிரேக்கர் உயிரொலிகளுக்கு உரியனவாக்கினர். 'ஆலெப்பு' என்னும் மெய் 'ஆல்பா' என்னும் உயிராயிற்று. எழுத்துக்காகத் தம் மொழியை அவர்கள் திருத்தவில்லை. தம் மொழிக்காக எழுத்தைத் திருத்தினர். கிரேக்கத்தின் ஏற்றம் அங்கே தொடங்கிற்று.

இனி, கிரேக்கத்திடம் கொண்டவரைக் காண்போம். இன்றைய துருக்கி நாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் இலிதியர், இலிக்கியர் என்னும் இனத்தார் வாழ்ந்தனர். இலிதியர் எளிய குடியினர் அல்லர். உலகின் மிகப் பழைய காசுகளுள் சில கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அவர்தம் நாட்டில் பிறந்தவை. இலிக்கியர் கிரேக்க எழுத்தை ஒட்டித் தமக்கென எழுத்தமைத்துக் கல்லறைகளிலும் கல்தூண்களிலும் காசுகளிலும் தம் மொழியைப் பொறித்தனர். 1973ஆம் ஆண்டு இலெத்தூன் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பெற்ற கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லொன்றில் இலிக்கியமும் கிரேக்கமும் அரமேயமும் ஒருங்கே நிற்கின்றன. அந்நூற்றாண்டிலேயே அந்நாட்டில் அரசாண்ட ஒருவன், ஏதென்சுப் பெருந்தலைவரின் பெயராகிய பெரிக்கிளீசு என்பதையே தன் பெயராகக் கொண்டிருந்தான். அந்நூற்றாண்டோடு இலிக்கியக் கல்வெட்டுகள் ஏறத்தாழ நின்றுபோயின. அதற்குப்பின் அந்நாட்டுக் கற்கள் கிரேக்கமே பேசின.

இலிதியத்தின் முடிவும் இத்தகையதே. கிறித்துவுக்கு முன்னும் பின்னுமாக வாழ்ந்த நிலநூலறிஞர் இசுத்திராபோ, இலிதியா நாட்டிலேயே இலிதிய மொழியின் சுவடு இல்லை என எழுதி வைத்தார். இம்மொழிகளைப் பேசலாகாது என எவரும் ஆணையிட்டதாகச் சான்றில்லை. அரசவையில் கிரேக்கம், அங்காடியில் கிரேக்கம், கல்விச்சாலையில் கிரேக்கம் என ஆனபோது, தாய்மொழிக்கு அடுப்படியே எஞ்சிற்று. பின்னர் அவ்வடுப்படியும் போயிற்று. மக்கள் அழியவில்லை, நிலம் அழியவில்லை, மொழி மட்டுமே அழிந்தது. அதனோடு அவர் யாவர் என்பதும் அழிந்தது.

உரோமர் வழி வேறு. கி.மு. 146இல் கொரிந்து நகரை அழித்துக் கிரேக்கத்தை அடிப்படுத்திய உரோமர், அறிவுத் துறையில் அக்கிரேக்கத்தின் மாணாக்கரே. ஆயினும், கற்றதைத் தம் மொழியில் கற்க வேண்டும் என்ற உணர்வு அவர்க்கு முன்பே இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஓமரின் ஒதிசியை இலத்தீனில் பெயர்த்த இலிவியசு அந்திரோனிக்கசு, பிறப்பால் கிரேக்கர் என்பர். அவரே கிரேக்கக் கலைத்தெய்வமாகிய மூசாவின் பெயரை நீக்கி, இத்தாலிய நீர்த்தெய்வமாகிய காமெனாவின் பெயரை அங்கு வைத்தார். யாப்பும் அந்நாட்டுப் பழைய யாப்பே.

சிசெரோவின் காலத்தில், கற்றறிந்த உரோமர் பலர் மெய்யியலைக் கிரேக்கத்திலேயே படித்துக்கொள்ளலாமே, இலத்தீனில் எழுதுவது எதற்கு என ஏளனம் செய்தனர். இலத்தீன் வறுமைப்பட்ட மொழியன்று, கிரேக்கத்தினும் வளமுடையது என அவர் மறுத்துரைத்தார். உரைத்ததோடு அமையாமல், கி.மு. 45, 44ஆம் ஆண்டுகளில் மெய்யியல் நூல்களை அடுத்தடுத்து இலத்தீனில் இயற்றினார். 'தன்மை' என்னும் கருத்துக்குக் 'குவாலிட்டாசு' எனவும், 'ஒழுக்கஞ் சார்ந்தது' என்னும் கருத்துக்கு 'மொராலிசு' எனவும் இலத்தீன் வேர்களினின்றே சொற்களைப் படைத்தார். கேட்டவர்க்கு அவை முதலில் புதுமையாகவே இருந்திருக்கும். இன்றோ அவற்றின் வழிச்சொற்கள் இல்லாமல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒருநாள் பேச்சும் நடவாது. மெய்யியலைக் குறிக்கும் சொல் உட்படக் கிரேக்கச் சொற்கள் சிலவற்றை அவர் அப்படியே ஆண்டதும் உண்டு. ஆனால், ஆக்குவதே அவர்க்கு நெறி; கடன் கொள்வது விலக்கு.

உரோமர் பேரரசினர், அவர்க்கு இயன்றது சிற்றினத்தார்க்கு இயலுமா என வினவுவோர் உளர். அவர்க்கு ஆர்மீனியர் விடையாவர். 387ஆம் ஆண்டளவில் ஆர்மீனிய நாடு உரோமப் பேரரசுக்கும் பாரசீகத்துக்குமாக இரு கூறு பட்டது. தாய்மொழிக்கு எழுத்தில்லை. வழிபாட்டில் கிரேக்கமும் சிரியமுமே ஒலித்தன. அந்நிலையில், 405ஆம் ஆண்டளவில் மெசுரோப்பு மாசுதோத்து என்னும் துறவி தம் மொழிக்கென 36 எழுத்துகளை அமைத்தார். அவரும் அவர் மாணாக்கரும் திருமறை நூலைப் பெயர்த்தனர். அவர்க்குப்பின் வந்தோர் கிரேக்க இலக்கண நூலையும் மெய்யியல் நூல்களையும் பெயர்த்தனர். கிரேக்கக் கலைச்சொற்களைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஆர்மீனியத்தில் ஒன்று கண்டு, புதுச்சொற்களைக் கோத்தனர். அலெக்சாந்திரியாவின் பீலோ எழுதிய நூல்களுள் சில இன்று கிரேக்கத்தில் இல்லை, ஆர்மீனியத்தில் இருக்கின்றன. ஆர்மீனிய மொழியும் 1600 ஆண்டுகளாக எழுத்து வழக்கு அறாமல் வாழ்கின்றது. அரசிழந்த இனம் மொழியைக் காத்தது. மொழி அவ்வினத்தைக் காத்தது.

பாகுதாதில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. 9ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த உனைன் இபின் இசாக்கு, கேலனின் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியத்திலும் அரபியிலும் பெயர்த்தார். ஒரு நூலுக்குக் கிடைத்த படிகளையெல்லாம் திரட்டி ஒப்புநோக்கிப் பாடத்தை உறுதி செய்த பின்னரே பெயர்ப்பில் இறங்குவது அவர் வழக்கம். சொல்லுக்குச் சொல் அடுக்காமல், பொருளை உணர்ந்து தம் மொழி நடையில் எழுதினார். அதனால் அரபி அறிவியல் மொழியாக உயர்ந்தது. உடற்கூறு பற்றிய கேலனின் பெருநூலின் பிற்பகுதி இன்று அரபியில்தான் எஞ்சியிருக்கின்றது. தாலமியின் வானூலை 12ஆம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் இலத்தீனில் பெயர்த்த செரார்து, அதனை அரபியிலிருந்தே பெயர்த்தார். கடன் கொண்டவரிடம் உலகமே கடன் கொள்ளும் காலம் வந்தது.

இவற்றால் விளங்குவது ஒன்று. பிறர் அறிவைக் கொள்வதால் எம்மொழியும் அழிந்ததில்லை; அவ்வறிவோடு அவர் மொழியையும் தன் மொழிக்குரிய இருக்கையில் ஏற்றிய இனத்தின் மொழியே அழிந்தது. இலிதியரின் பொன் அவர்தம் மொழியைக் காக்கவில்லை. இலிக்கியரின் எழுத்தும் அவர்தம் மொழியைக் காக்கவில்லை. அறிவை ஆக்கும் இடத்தில் தாய்மொழியை அமர்த்திய இனங்களின் மொழிகளே கிரேக்கத்தால் வளர்ந்தன. அவை கிரேக்கத்தின் நூல்களையும் அழியாமல் காத்து, பெற்ற கடனைத் திருப்பித் தந்தன.

தமிழர்க்கும் இது புதிய நெறியன்று. கிரேக்கரையும் உரோமரையும் யவனர் என அழைத்த கழகக் காலத் தமிழர், அவரோடு கடல் வணிகம் நடத்தினர். யவனர் நன்கலங்களில் கொணர்ந்த மதுவைப் புறநானூறு பாடுகின்றது; அவர் இயற்றிய பாவை விளக்கை நெடுநல்வாடை பாடுகின்றது. மது யவனருடையது; 'தேறல்' என்னும் சொல் தமிழருடையது. விளக்கின் வேலைப்பாடு யவனருடையது. 'பாவை' என்னும் பெயர் தமிழருடையது. பொருளை இருகையேந்தி வரவேற்ற அம்மக்கள், அதற்குப் பெயர் சூட்டும் உரிமையைக் கப்பலேற்றி அனுப்பிவிடவில்லை. அவ்வுரிமையை இக்காலத் தமிழர் எவர் கையில் விட்டிருக்கின்றனர் என்பதை அவர்தம் பள்ளியும் அலுவலகமும் அங்காடியும் சொல்லும்.