விழுந்தவரைத் தரை என்ன செய்கிறது?

கட்டுரையாளர்: காலணிப் பாதுகாப்புப் பரிசோதனை நிபுணர், ஆம்பூர்

பாதுகாப்பு ஷூவைப் பரிசோதிக்கும்போது அதன் முனைமீது 20 கிலோ எடையை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவோம். அந்த மோதலின் ஆற்றல் 200 ஜூல். ஷூவுக்குள், விரல் இருக்க வேண்டிய இடத்தில், களிமண் உருளை ஒன்றை வைத்திருப்போம். எடை விழுந்ததும் களிமண்ணை வெளியே எடுத்து அதன் உயரத்தை அளப்போம். 42ஆம் எண் ஷூ என்றால் 14 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த ஷூ தேறாது. ஐஎஸ்ஓ 20345 தரத்தின் இந்தச் சோதனையில் விழும் உயரத்தை முன்பே முடிவு செய்துவிடுகிறோம். நாங்கள் தேடுவது, அடி விழுந்த பிறகு விரலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியது என்பதை.

இந்தக் கண்ணோடு பார்ப்பதால்தான், மேசையைச் சுற்றி உட்கார்ந்து இளைஞர்கள் ஆடும் கற்பனைச் சாகச ஆட்டங்களில் ‘விழுதல்’ விதி என்னை நிற்க வைக்கிறது. இவற்றில் மூத்தது ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இக்கட்டு வரும்போதெல்லாம் பகடை உருட்டுவார்கள். நம் பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்தால் கட்டம்தான் போகும், காயம் கிடையாது. இந்த ஆட்டத்தில் காயத்துக்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘ஹிட் பாயிண்ட்’ என்ற உயிர்க்கையிருப்பு இருக்கும். அடிபட அடிபட அது குறையும்.

விதி எளிமையானது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி, விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். 200 அடிக்கு 20 பகடை, அதுதான் உச்சம். இன்றைய பதிப்பிலும் இந்த அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. ஒரு பகடைக்குச் சராசரி மூன்றரை. 20 பகடை உருட்டினால் சராசரி 70. பத்தாம் படியிலிருக்கும் போர்வீரரிடம் 90 புள்ளி வரை இருக்கும். அவர் இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து, எழுந்து, மறுபடியும் சண்டைக்குப் போகலாம். எட்டு மணி நேரம் உறங்கினால் இழந்த புள்ளியெல்லாம் திரும்பிவிடும்.

இந்த விதிமீது ஆட்டக்காரர்கள் நெடுநாள் வாதிட்டிருக்கிறார்கள். 1984இல் ‘டிராகன்’ இதழில் இதற்காகவே இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டது. ஆற்றலே முக்கியம், ஆற்றல் உயரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது, ஆகவே பழைய விதியே சரி என்றது மற்றொன்று. இயற்பியல்படி இரண்டாமவர் பக்கம்தான் நான். 10 அடியிலிருந்து விழுபவர் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். 20 அடி என்றால் 39 கிலோமீட்டர். உயரம் இரட்டிக்கும்போது வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. ஆற்றல் மட்டும் சரியாக இரட்டிக்கிறது. பகடையின் எண்ணிக்கையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் குறையாகப் படுவது தரை. எதன்மீது விழுந்தார் என்று அந்த விதி கேட்பதே இல்லை. 2020இல் வந்த துணைநூல் ஒன்று தண்ணீருக்கு மட்டும் சலுகை தந்தது: திறமைச் சோதனையில் வென்றால் காயம் பாதி. மணலும் பாறையும் சேறும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.

மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றால், அதன் எடையைப் போல் சராசரியாக 60 மடங்கு விசை உடலில் இறங்கும். 15 சென்டிமீட்டரில் நின்றால் 20 மடங்கு. முழங்காலை மடக்கி அரை மீட்டர் தாழ்ந்து நின்றால் 6 மடங்குதான். உயரம் அதே, உடல் அதே, நிற்கக் கிடைத்த தூரம்தான் வேறு. பாலாற்றின் உலர்ந்த மணலில் குதிக்கும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுவதற்கும், அதே உயரத்தில் சாரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழும் கொத்தனார் எழ முடியாமல் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ஹியூ டிஹேவன். முதல் உலகப் போர்க்காலத்தில் விமானப் பயிற்சியின்போது வானில் நடந்த மோதலில் சிக்கி உயிர் தப்பியவர். தான் ஏன் சாகவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் விழுந்த இடத்தை அளந்து, 1942இல் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஒரு பெண் 144 அடியிலிருந்து உலோகக் காற்றுப்போக்கிப் பெட்டி ஒன்றின்மேல் விழுந்தவர். பெட்டி 12 முதல் 18 அங்குலம் அமுங்கியது. அவருக்கு எலும்புகள் முறிந்தன, உயிர் போகவில்லை. பெட்டி நசுங்கியதால் அவர் நசுங்கவில்லை. மோட்டார் வாகனங்களில் மனித உடலைக் காக்கும் அமைப்புகள் பற்றிய சிந்தனைக்கு வழி திறந்தது இந்த ஆராய்ச்சிதான். கதை நடத்தும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது.

நல்ல ஷூ காப்பாற்றாதா என்று இங்கே பலர் கேட்பார்கள். ஷூ செய்யும் ஊர், கேட்பது நியாயம். முன்பு சொன்ன அதே ஐஎஸ்ஓ தரத்தில் குதிகால் பகுதி 20 ஜூல் ஆற்றலை உள்வாங்க வேண்டும் என்றிருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் விழும்போது சேரும் ஆற்றல் ஏறத்தாழ 1,800 ஜூல். இரண்டு குதிகாலும் சேர்ந்து 40 ஜூலை வாங்கிக்கொண்டால் மீதி எங்கே போகும்? எலும்புக்குத்தான்.

ஆட்டத்தில் வரும் தோல் கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெந்நீரில் இறுக்கிய தோலால் கவசம் செய்தது ஐரோப்பியப் பழக்கம். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய காலத் தோலை அப்படி இறுக்கலாம். இன்று நம் பகுதியில் பெருமளவில் பதனிடப்படும் குரோம் தோல் கொதிநீரையும் தாங்கி மெத்தென்றே இருக்கும். இறுகிய தோல் வாள்வெட்டைத் தடுக்கலாம். விழும்போது உடம்புக்குத் தேவைப்படுவது அமுங்கிக் கொடுக்கும் பொருள். இறுகிய தோல் அமுங்காது. ஆகவே கவசம் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் விழும் காயம் ஒன்றே என்று ஆட்டம் சொல்வது சரி.

மோதல் விதியில் எனக்குள்ள குறை எடையைப் பற்றியது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தால், விழுந்த உயரத்துக்கான காயத்தை இருவரும் சமமாகப் பங்கிட வேண்டும் என்கிறது அந்த 2020 துணைநூல். விழுபவர் குள்ளரா அரக்கரா என்பது காயக் கணக்கில் வராது. ஸ்டீவ் ஜாக்சனின் ‘கர்ப்ஸ்’ ஆட்டம் இதில் மேலானது. மோதும் பொருளின் ஹிட் பாயிண்டை வேகத்தால் பெருக்கி 100ஆல் வகுத்து, அத்தனை பகடை உருட்டச் சொல்கிறது. பருமன் கூடினால் காயம் கூடும். கடினமான தரையில் மோதினால் இரட்டிக்கும். கணக்குப் போட நேரமாகும், உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். எடையை மறந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பகுதிக்குத் தெரியும். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். ஒரு கன மீட்டர் கழிவுக் குழம்பு ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அந்தச் சுவரின் உயரம் மட்டும் தெரிந்து என்ன பயன்?

இனி, இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது. விழுந்த பாத்திரம் தரையில் கிடக்கும் என்கிறது விதி. தன் முறை வந்ததும் நடை தூரத்தில் பாதியைக் கொடுத்து எழுந்துகொள்ளலாம். வாரந்தோறும் ஆடும் பிள்ளைகளின் மனத்தில் இப்படித்தான் பதிகிறது: விழுந்தால் எழு, விழுந்தவரைத் தூக்கி நிறுத்து. நிஜத்தில் இதைவிடக் கேடு வேறில்லை. காலூன்றி விழுந்தவரின் குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகெலும்பும் உடைந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். குதிகாலில் ஏறிய விசை இடுப்புக்கு மேல்வரை போயிருக்கும். அப்படிப்பட்டவரைக் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் பிடித்து ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால், அதுவரை தப்பியிருந்த தண்டுவடமும் நசுங்கலாம். தென்னையிலிருந்தும் புளியமரத்திலிருந்தும் கிணற்று மேட்டிலிருந்தும் விழுந்தவர்களை நம் ஊர்களில் இன்னமும் இப்படித்தான் தூக்குகிறார்கள். அன்பால் செய்வதுதான். 108ஐ அழைத்துவிட்டு, கழுத்தை அசையாமல் பிடித்து, வண்டி வரும்வரை அப்படியே கிடக்க விடுவதும், நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை முதல் கால்வரை ஒரே நேர்கோட்டில் பலகைமீது உருட்டுவதும் யாருக்கும் கற்றுத்தரக்கூடியவை.

மேசை ஆட்டம் அதைக் கற்றுத்தரலாம். வேலூர்ப் பக்கக் கல்லூரி விடுதிகளில் இந்த ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு என் யோசனை இது. பகடையின் எண்ணிக்கை உயரத்தைப் பொறுத்தே இருக்கட்டும். பகடையின் வகையைத் தரை முடிவு செய்யட்டும். மணலுக்கும் வைக்கோலுக்கும் நான்குமுகப் பகடை, மண்ணுக்கு ஆறுமுகம், பாறைக்கும் சிமென்டுக்கும் பத்துமுகம். மூன்று பகடைக்கு மேல் போனால் எந்த உறுப்பில் அடி என்று தனியாக ஒரு பகடை. காலில் அடி என்றால் முதுகுக்கும் ஒன்று. தோழர்கள் நிதானமாக, ஆளைப் பலகையோடு சேர்த்துத் தூக்கினால் மேற்கொண்டு சோதனை வேண்டாம். அவசரமாகத் தூக்கினால் அதற்கும் உருட்டியாக வேண்டும்.

அந்தப் பகடை மோசமாக விழுந்தால் பாத்திரத்தைக் கொன்றுவிட வேண்டாம். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் அவர் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்குத் திரும்பினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். ஹிட் பாயிண்ட் கணக்கில் இப்படி ஒரு வாழ்க்கைக்கு இடமே இல்லை. அங்கே முழு உடம்பு உண்டு, சாவு உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. 2020இல் சாரா தாம்சன் என்ற ஆட்டக்காரர் சாகசக்காரர்களுக்கான சக்கர நாற்காலிக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்வீரர் அடுத்த வாரமும் ஆட்டத்துக்கு வரட்டும். அவர் போகப்போகும் கோட்டையில் எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது, எதில் இல்லை என்பதை டன்ஜன் மாஸ்டர் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைக்கட்டும்.