நாய்ச் செலவில் எழுதாத கணக்கு

நாய் வளர்க்க மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று தேடிப் பாருங்கள் தோழர்களே: தீவனப் பை, ஷாம்பு, கிளினிக் கட்டணம். கல்வராயன் மலையில் நாய் தின்பது வீட்டில் மிஞ்சிய களியும் கஞ்சியும். செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

கடித்தால் அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் 0, 3, 7, 28 என்று நான்கு நாள் போக வேண்டும். 2025-26இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். நான்கு நாளுக்கு 1,344 போயிற்று. பேருந்துக் காசும், துணைக்கு வருபவரின் கூலியும் தனி. வெறிநோய் முற்றினால் பிழைப்பது அரிது என்று தெரிந்தும் ஒருவர் பாதியில் நிறுத்தினால், அதற்கு 'அறியாமை' என்று பெயர் வைக்கிறோம். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வெள்ளிமலைக்கு மேலும் முகாம் போகட்டும். அது அரசின் செலவு. மலையாளிப் பழங்குடியின் செலவல்ல.

காசிருந்தும் வளர்க்க முடியாதவர்கள் உண்டு. மதுரைப் பக்கம் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததைத் தீண்டாமை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம்! நாய்க்கும் அகமணம். நாட்டு நாய்க்கு வெள்ளைக்காரன் பறையர் பெயரை ஒட்டி வைத்த 'பரையா டாக்' என்பதை நாய்ப் பிரியர்கள் இன்றும் கூசாமல் சொல்கிறார்கள். தத்தெடுக்கும் படிவத்தில் அந்தச் சொல் இருந்தால், முதலில் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.