சிவப்பு மை காட்டிய பிழை



குற்றாலத்தில் சாரல் விழும் நாள்களில், இலத்தூரிலுள்ள தம் இல்லத்திற்கு விடுமுறையில் வந்திருந்தார் ஓர் அருட்சகோதரி. அவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்ப அவருடைய சபை முடிவு செய்திருந்தது. அதற்காக ஆறு திங்களாய் ஸ்பானிய மொழி பயின்று வந்தார். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருந்த பயிற்சி ஏட்டை என்னிடம் நீட்டி, "ஐயா, பெயரும் வினையும் எனக்கு அடங்கிவிட்டன. இந்தச் சின்னஞ்சிறு இணைப்புச் சொற்கள்தாம் அடங்க மறுக்கின்றன" என்று முறையிட்டார்.

ஏட்டைப் புரட்டினேன். நம் 'உம்' தரும் பொருளை ஸ்பானியத்தில் 'இ' என்னும் சொல் தருகிறது. அடுத்த சொல் இகர ஒலியில் தொடங்கினால் அது 'எ' என மாறும். 'தந்தையும் மகனும்' என்பது 'பாத்ரே எ இஹோ'. 'அல்லது' என்று பொருள்படும் 'ஓ', ஓகர ஒலிக்கு முன் 'உ' ஆகும். 'ஏழு அல்லது எட்டு' என்பது 'சியெத்தே உ ஓச்சோ'. 'ஒரு மரம்' என்றும் 'ஓர் ஊர்' என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. சகோதரியும் இங்கே தவறவில்லை.

சிவப்பு மை மிகுந்திருந்த இடம் வேறு. நாம் 'ஆனால்' என்று எழுதும் இடங்களுக்கு அம்மொழியில் 'பெரோ', 'சினோ' என இரு சொற்கள் உண்டு. 'வீடு சிறியது, ஆனால் அழகானது' என்பதில் முன்னது மறுக்கப்படவில்லை. அங்கே 'பெரோ' வரும். முன்னதைத் தள்ளிப் பின்னதை நிறுத்தும்போது 'சினோ' வரும். சகோதரியோ எங்கும் 'பெரோ'வே எழுதியிருந்தார். பக்கத்திலிருந்த அவருடைய தமிழ் வரைவைப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. 'வீடு பழையது அல்ல, ஆனால் புதியது' என்று இருந்தது! பிழை ஸ்பானியத்தில் பிறக்கவில்லை. 'பழையதன்று, புதியது' என்றாலே தமிழில் பொருள் நிறைந்துவிடும். ஆங்கில வாக்கியத்தை அப்படியே பெயர்த்த பாடங்களைப் படித்த பழக்கம், அவரைக் கடல் கடந்தும் தொடர்ந்து வந்திருக்கிறது.

இதைப் பேசிக்கொண்டிருக்கையில், சகோதரியின் சித்தி ஓர் அறிவிப்புத் தாளைக் கொணர்ந்தார். 'ஆதரவற்ற கைம்பெண்கள் மற்றும் முதியோருக்கு உதவித்தொகை' என்று அதில் அச்சிட்டிருந்தது. கணவரை இழந்த அந்த அம்மையாருக்கு அகவை ஐம்பது. "முதியோருக்கு என்றல்லவா போட்டிருக்கிறது? கைம்பெண்ணாகவும் இருக்க வேண்டும், முதியவளாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டேன்" என்றார். விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

அவர்மீது என்ன குற்றம்? 'கு' என்னும் உருபு முதியோரிடம் மட்டுமே நிற்கிறது. கைம்பெண்கள் நடுவழியில் விடப்பட்டிருக்கிறார்கள். 'கைம்பெண்களுக்கும் முதியோருக்கும்' என்று எழுதியிருந்தால் ஐயத்திற்கே இடமில்லை. தமிழின் 'உம்' ஒவ்வொரு பெயரோடும் ஒட்டி நின்று, இவருக்கும் உண்டு, அவருக்கும் உண்டு என்று கணக்குக் காட்டும். நன்னூல் இவ்விடைச்சொல்லுக்குக் கூறும் எட்டுப் பொருள்களில் எண்ணுப் பொருளும் ஒன்று. 'மற்று' என்பதற்கோ வினைமாற்று, அசைநிலை, பிறிது என்னும் மூன்றையே அது கூறுகிறது. எண்ணுப் பொருள் அங்கில்லை. 'மற்றும் பலர்' என்று எழுதுவதை நான் மறுக்கவில்லை. எண்ணும் இடமெல்லாம் அதை நுழைப்பதுதான் தொல்லை.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிறிக்கி அடிகளார் போர்த்துக்கீசியர். தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். அவருடைய தாய்மொழியிலும் இணைப்புச் சொல் தனித்தே நிற்கும். நம் செபங்களோ தமிழின் வழியிலேயே செல்கின்றன. சிலுவை அடையாளம் வரைகையில் மூன்று பெயர்களையும் இணைப்புச் சொல் இன்றியே அடுக்குகிறோம். ஸ்பானியர் அங்கே இருமுறை 'இ' என்பர். திரித்துவப் புகழிலோ மூன்று பெயர்களிலும் நமக்கு 'உம்' உண்டு. அங்கே 'மற்றும்' என்று சொல்லிப் பாருங்கள், நா கூசும்.

சகோதரி பென்சிலை எடுத்து, அறிவிப்பிலிருந்த 'மற்றும்' என்பதை அடித்துவிட்டு, 'களுக்கும்', 'க்கும்' என்று திருத்தினார். பிறகு, காலந்தாழ்ந்ததைப் பொறுத்து விண்ணப்பத்தை ஏற்குமாறு வேண்டி, சித்தியின் பெயரால் ஒரு மடல் எழுதலானார். திங்கட்கிழமை முதற்பேருந்தில் இருவரும் தென்காசிக்குச் செல்வதாகப் பேச்சு.