பெயர்ப்பலகையும் தகுதியும்



வண்ணமும் தூரிகையும் உள்ள எவரும் பெயர்ப்பலகை எழுதிவிடலாம். ஆயினும், மருத்துவர் என்று அதில் எழுதிக்கொள்ள மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இணையத்திலோ ‘டாட் காம்’ என முடியும் முகவரியைப் பணம் செலுத்தும் எவரும் பெறலாம். இவ்வெளிமையே வஞ்சகர்க்கு வாய்ப்பாயிற்று. வங்கியின் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியோ குறைத்தோ போலி முகவரி அமைத்து, முதியோரின் ஓய்வூதியத்தையும், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பொருளையும் கவர்ந்து செல்கின்றனர்.

இதற்கு மாற்றாக, தகுதியுடையோர்க்கு மட்டுமே உரிய முகவரிகளும் உண்டு. ஐகான் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த புதிய ஈறுகளுள் ‘டாட் ஏரோ’ வான்போக்குவரத்துத் துறையினர்க்கும், ‘டாட் கூப்’ கூட்டுறவு அமைப்புகளுக்கும் வகுக்கப்பட்டன. 2015-இல் வங்கிகளுக்கென ‘டாட் பேங்க்’ திறக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி, ‘பேங்க் டாட் இன்’ என்னும் ஈற்றை 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறவேண்டும் எனவும் பணித்தது. அதனைப் பதிவுசெய்து தரும் அதிகாரம், ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் ஒன்றற்கே உண்டு. வங்கியல்லாதார் எத்துணைப் பொருள் கொடுத்தாலும் அதனைப் பெற இயலாது.

ஆனால், காவலன் நிற்கும் வாசல் எதுவென அறியாதவர்க்குக் காவலால் பயனென்ன? அஞ்சல் முகவரியில் ஊர்ப்பெயர் இறுதியில் நிற்பதுபோல, இணைய முகவரியிலும் உரிமையாளரைக் காட்டுவது ஈறே. வங்கியின் பெயர், புள்ளி, பேங்க், புள்ளி, இன் என்பதோடு பெயர் முடிதல் வேண்டும். அதன்பின் சாய்கோடு வரலாம். மற்றொரு புள்ளியும் ‘காம்’ போன்ற சொல்லும் தொடர்ந்தால், அல்லது புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருந்தால், அது வங்கியின் வாசலன்று.

தொலைபேசியில் இனிது பேசி இரகசிய எண்ணைக் கேட்பவனை எந்த ஈறும் தடுக்காது. அவ்வெண்ணை எவர்க்கும் உரைக்கலாகாது. ஏமாற்றப்பட்டால், நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவியுங்கள். காலம் தாழ்த்தினால் பணம் கைமாறிப் போகும்.

இளையோரே, இன்றிரவு உணவுக்குப்பின் உங்கள் பாட்டனார் பாட்டியார் அருகில் அமர்ந்து, அவர்தம் வங்கியின் சரியான முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கடிந்துகொள்ளாமல் பொறுமையுடன் விளக்குங்கள். அவர்கள் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்ததைக் காக்கும் பணி அது.