வரி முந்தியதா, கணக்கு முந்தியதா?

பொருளாதாரச் சீர்திருத்தம் என்றவுடனே புதிய வரிகளையும் புதிய திட்டங்களையும் பற்றிப் பேசத் தொடங்கும் அறிஞர் நம்மிடையே பலர் உளர். அவற்றை நடத்துவோரிடம் கணக்குக் கேட்பவர் யாரென்று வினவினால், அஃது அரசியல் விஷயம் என ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வாதம் எத்துணைப் பொய்யானது என்பதற்கு மலேசியாவின் சரித்திரமே சாட்சி.

2015 ஏப்ரல் 1-ஆம் தேதி மலேசிய சர்க்கார் நூற்றுக்கு 6 வீதம் பொருள் சேவை வரி விதித்தது. வரியின் அமைப்பை நாம் பழிக்கவில்லை. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் கைக்கொண்ட முறை அது. எண்ணெய் வருமானத்தையே நம்பியிராதிருக்க அது வேண்டும் என்ற வாதத்திலும் நியாயமுண்டு. ஆயின், ஏழை தன் பிள்ளைக்கு வாங்கும் சட்டைக்கும் வரி தண்டிய அதே ஆண்டில், 1எம்டிபி என்னும் அரசு நிறுவனத்தின் பணம் போன வழி குறித்துக் கேள்வி எழுந்தபோது நடந்ததென்ன? ஜூலையில் அட்டர்னி ஜெனரல் நீக்கப்பட்டார். வாய்திறந்த துணைப் பிரதமரும் நீக்கப்பட்டார். 2016-இல் தணிக்கைத் தலைவரின் அறிக்கை இரகசியச் சட்டத்துள் பூட்டப்பட்டது. களவு போனது 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று அமெரிக்க நீதி இலாகா குற்றஞ்சாட்டியது. ஆறு காசுக்கு ரசீது கேட்ட சர்க்கார், கோடிகளுக்கு ரசீது காட்ட மறுத்தது!

இஃது ஒருவரின் பேராசையால் மட்டும் விளைந்ததன்று. பிரதமர் நஜிப் ரசாக், நிதியமைச்சரும் அவரே, அந்நிறுவன ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. சர்க்காருக்குச் சட்ட ஆலோசனை கூறுபவரே குற்றஞ்சாட்டும் அதிகாரியாகவும் இருந்தார். பெட்டியும் சாவியும் கணக்கேடும் ஒரே கையிலிருந்தால் காவல் எங்ஙனம் நிற்கும்?

2018 மே 9-இல், சுதந்திரம் பெற்ற 1957 முதல் ஆண்டுவந்த கூட்டணியை மக்கள் வீழ்த்தினர். ஜூன் 1-இல் வரியின் வீதம் சூன்யமாயிற்று. செப்டம்பரில் விற்பனை சேவை வரி வந்தது. நம்பிக்கை செத்தபின் வரி மட்டும் பிழைக்குமா?

2022 ஆகஸ்டில் நஜிப் சிறை புகுந்தார். ஆள் போனார், முறை போயிற்றா? அவ்வாண்டின் இறுதியில் அமைந்த அமைச்சரவையிலும் பிரதமரே நிதியமைச்சரானார். 'இவர் யோக்கியர்' என்பது இதற்கு விடையன்று. யோக்கியரை நம்பி நடப்பது பக்தி. எவர் வரினும் கணக்குக் கேட்க வழிசெய்வதே அரசியல்.

ஆகவே, சீர்திருத்தம் பேசுவோர்க்கு நாம் கூறுவது இதுவே: நிதிப்பெட்டியைப் பிரதமரிடமிருந்து பிரியுங்கள்; குற்றஞ்சாட்டும் அதிகாரத்தைச் சர்க்காரின் பிடியினின்று விடுவியுங்கள்; தணிக்கை அறிக்கையை ஜனங்கள் முன் விரியுங்கள். அதன்பின் வரி கேளுங்கள். கணக்குக் காட்டுகிறவனுக்கே வரி கேட்கும் யோக்கியதை உண்டு.