பிரஸ் ஷாப் ஓவியமும் நம்மவர்களின் முகச்சுளிப்பும்

தலித் கலை எது என்று முப்பது வருசத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசிப் பேசி நாமே ஒரு சட்டம் அடித்து மாட்டிவிட்டோம். அந்தச் சட்டத்துக்குள் பறை வரலாம், எரிந்த குடிசை வரலாம், மலக்கூடை வரலாம். பவர் பிரஸ் வரக்கூடாது. போன மாதம் நம் தோழர்கள் நடத்திய ஓவியக் காட்சிக்கு என் சித்தி மகன் பதினொரு படங்கள் அனுப்பினான். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 'நல்லாத்தான் வரைஞ்சிருக்கான், ஆனா இதுல தலித் எங்க இருக்கான்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், 'பி.இ. படிச்சிட்டு கார் கம்பெனியில சம்பளம் வாங்குற பையனுக்கு இது பொழுதுபோக்கு, நமக்கு இது போராட்டம்' என்றாராம். பேர் சொல்லப் போவதில்லை. ஆள் முக்கியமில்லை, அந்தப் பேச்சு நம்மில் பல பேர் வாயில் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

முதலில் அந்தப் 'பொழுது' எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம்.

தம்பிக்கு இருபத்தாறு வயசு. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் காலனியிலிருந்து ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள். ஒரகடம் பக்கம், கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. உடம்பு ஒரு வாரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். ஷிப்ட் முடிந்தாலும் வேலை முடியாது. கார் கம்பெனிக்காரன் ஒரு கதவுத் தகட்டில் கீறல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், ஏன் வந்தது என்று அறிக்கை எழுதணும். ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிக்காரணத்தைக் கண்டுபிடிப்பது டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த முறை. 'யக்கா, தகட்டுல கீறல் விழுந்தா அஞ்சு ஏன் கேக்கறாங்க. ஆளுக்கு வெரல் போனா ஒரே ஏன்தான், ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதி மூடிடறாங்க' என்றான் ஒருநாள். நம் கூட்டங்களில் இரண்டு மணி நேரம் பேசியும் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் வரைவதெல்லாம் இதைத்தான். கெட்டுப்போன உருப்படியில் கட்டுகிற சிவப்பு அட்டை, பழைய செக் ஷீட்டின் பின்பக்கம், இவைதான் காகிதம். பால்பாயிண்ட் பேனாதான் தூரிகை. பதினொரு படத்திலும் முகம் கிடையாது. கைதான். ஒரு படத்தில் இரண்டு உள்ளங்கைகள் இரண்டு பித்தான்களை அழுத்துகின்றன. பிரஸ்ஸுக்குள் கை போகாமல் இருக்கத்தான் இரண்டு பித்தான்; இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். உற்பத்தி போதவில்லை என்றால் ஒரு பித்தானைக் கட்டிப்போட்டுவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிற இடங்கள் உண்டு. பழைய மாடல் சாவிக் கிளட்ச் பிரஸ் என்றால் இன்னும் மோசம், ஒருமுறை மிதியை மிதித்துவிட்டால் சுற்று முடியாமல் நிறுத்த முடியாது. இன்னொரு படத்தில் வெறும் கையுறை ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதில் இரண்டு விரல் மட்டும் மடக்கித் தைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் படம். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள், மெய்ப்பாட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தவள். அந்தக் கையுறையைப் பார்த்ததும் எனக்கு எந்த மெய்ப்பாடும் ஞாபகத்துக்கு வரவில்லை, வயிறு பிசைந்தது.

மார்ச் 4 முதல் தேசியப் பாதுகாப்பு வாரம் வருகிறதல்லவா, அப்போது கம்பெனியில் ஓவியப் போட்டி. இந்தக் கையுறைப் படத்தைக் கொடுத்திருக்கிறான். 'நெகடிவா இருக்கு, சிரிக்கிற மாதிரி ஹெல்மெட் போட்ட ஆள வரைஞ்சு குடு' என்று திருப்பித் தந்தார்கள். ஆயுத பூஜைக்கு ரங்கோலி போடச் சொன்னார்கள். ஆக, முதலாளி இந்தப் படத்தில் மகிழ்ச்சி எங்கே என்று கேட்டான். நம் தோழர் இதே படத்தில் தலித் எங்கே என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அந்த இரண்டு விரல் கண்ணில் படவில்லை.

தலித் எங்கே என்கிறீர்கள். சொல்கிறேன். அவன் பார்த்த வரையில் பிரஸ்ஸுக்கு அடியிலுள்ள எண்ணெய்ப் பள்ளத்தில் இறங்கித் துடைக்கிறவர்களும் ஸ்கிராப் அள்ளுகிறவர்களும் பெரும்பாலும் நம் சனங்கள். இல்லையென்றால் பீகார், ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற அந்த ஊர் நம் சனங்கள். எல்லாம் காண்ட்ராக்ட். ஆயுத பூஜையில் பூசணிக்காய் உடைக்கிறவர் ஒருத்தர், சிதறினதைக் கூட்டி அள்ளுகிறவர் வேறொருத்தர், எந்த வருசமும் ஆள் மாறினதில்லை. தம்பி மேஜையில் உட்காருகிறவன்தான். அவனிடமும் சேர்ந்த முதல் வாரமே கேட்டாயிற்று: 'எந்த ஊரு?' 'விழுப்புரம் பக்கம்.' 'ஊர்லயா, காலனியா?' ரூம் பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரம்மா, கவிச்சி சாப்பிடுவீங்களா என்று தொடங்கி, என்ன கவிச்சி என்பது வரைக்கும் போனார். 69 சதவீத இட ஒதுக்கீட்டை 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிப் பாதுகாத்தோம். அது கல்லூரி வாசலிலும் அரசு ஆபீஸ் வாசலிலும் நிற்கும். ஒரகடத்துக் கம்பெனி கேட்டுக்குள் வராது. இருந்தாலும் 'நீ கோட்டாவுல படிச்சவன்தான' என்கிற கேலி மட்டும் செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது.

இவனை நடுத்தர வர்க்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கணும். 1947ஆம் வருசத்துத் தொழில் தகராறு சட்டம் மேற்பார்வை வேலை பார்க்கிறவர்களை ஒரு சம்பள அளவுக்கு மேல் தொழிலாளி என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெயருக்குப் பின்னால் இன்ஜினியர் என்று ஒட்டிவிட்டால் போதும், சங்கத்துக்காரனுக்கு அவன் நிர்வாகத்து ஆள், நிர்வாகத்துக்கு அவன் எப்போது வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஆள். இப்போது நம் கலைஞர்களும் சேர்ந்து அவனை வெளியே நிறுத்தினால் அவன் எங்கே போய் நிற்பான்?

பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு வருகிறேன். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்துகொண்டு எழுதிக் குவித்தார். யாரும் அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளவில்லை. இன்ஜினியர் என்பது அவருக்குக் கூடுதல் மதிப்பெண்ணாகத்தான் இருந்தது. 'இந்தக் கதையில் ஸ்ரீரங்கம் எங்கே' என்று கேட்டு எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பினதாகத் தெரியவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டரும் சொந்தம், அக்ரகாரமும் சொந்தம். எங்க தம்பிக்கு மட்டும் சேரிதான் பட்டா போட்டுக் கொடுத்த இடமா? ஊர்க்காரன் நம்மைத் தெருவுக்குள் அடைத்தான். நாம் நம் பிள்ளைகளைக் கருப்பொருளுக்குள் அடைக்கிறோம். நாம்தேவ் தசால் பம்பாயில் டாக்சி ஓட்டியவர். 1972இல் 'கோல்பீட்டா' தொகுப்பில் தன் கண்ணெதிரே கிடந்த நகரத்தை அள்ளிப் போட்டார். கிராமத்துக் கிணற்றையும் கோயில் வாசலையும் அவரிடம் கேட்டிருந்தால் அந்தக் கவிதைகள் நமக்குக் கிடைத்திருக்குமா?

பறை ஏன் இல்லை என்றும் கேட்டார்களாம். வேப்பமரச் சட்டத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி, காயவைத்து, வைக்கோல் நெருப்பில் காட்டி, தட்டித் தட்டிக் காதால் பதம் பார்ப்பார் எங்கள் தாத்தா. பேரன் இப்போது பிரஸ் இறங்குகிற சத்தத்தைக் கேட்டு, டையில் விரிசல் விட்டிருக்கு, நிறுத்துங்கடா என்கிறான். அளவுக்கருவி அப்புறம்தான் அதை உறுதி செய்கிறது. ஒரு படத்தில், பிரஸ்ஸின் இரும்புத் தூணில் ஒரு கை அதிர்வு பார்க்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பறை இல்லை என்கிறவருக்குப் பறையைப் பற்றி என்ன தெரியும்? மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு அடிக்கிறதைப் பார்த்திருப்பார்.

நேரம் என்பது நமக்குப் பழைய சண்டை. வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததை 48 ஆகக் குறைத்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946இல் வந்தது, அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்கிற திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பெரியார் பேரைச் சொல்கிற ஆட்சிதான் அது. எதிர்ப்புக் கிளம்பி மே 1ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறாமல் இருந்திருந்தால் இந்தப் பதினொரு படத்தில் எத்தனை வந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அந்த மசோதாவை எதிர்த்து அன்றைக்குத் துண்டறிக்கை போட்ட தோழர்கள்தான் இன்றைக்கு, மிச்சப்பட்ட நேரத்தில் வரைந்ததைப் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

நம் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே ஏன் வைக்கிறோம் என்றும் கேட்கணும். வாத்தியார்களுக்கும் பேங்க்காரர்களுக்கும் அது தோது. தம்பிக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. இந்த வாரம் அவனுக்கு செகண்ட் ஷிப்ட், மதியம் ஒரு மணிக்கு பஸ் ஏறினால் ராத்திரி பன்னிரண்டு ஆகும் ரூம் வந்து சேர. காலையில் இருப்பான். படங்கள் அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் பத்து மணிக்கு மேல் வாங்க, அதுவரைக்கும் தூங்கட்டும்.